பயந்துகொண்டே படியேறியவர்

எங்கள் தோட்டத்து ஆபீஸுக்கு ஏறும் கருங்கல் படிகளுக்குக் கீழே, தேயிலைச் செடியோரமாக ஒதுங்கி நின்று, மருத்துவச்சியம்மா முந்தானை முடிச்சை அவிழ்க்கிறார். அதிலிருந்து ஒரு கராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறார். காலைப் பனி இன்னும் கலையவில்லை. மேலே ஆபீஸின் தகரக் கூரை மட்டும் தெரிகிறது. குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுகிறார், பிறகு திரும்பவும் பழைய கைக்கே மாற்றுகிறார். "நாக்கு மேல ஒட்டிக்கிது புள்ள, இது ஒண்ணு இருந்தாத்தான் ரெண்டு வார்த்தை வெளிய வரும்" என்று என்னைப் பார்க்காமலே சொல்கிறார். அவருக்குப் பின்னால் நானும், எனக்குப் பின்னால் என் அம்மாவும் நிற்கிறோம். என் நாக்கும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. எனக்கும் ஒரு கராம்பு கேட்கலாம் என்று தோன்றுகிறது, கேட்பதற்கும் பயம்.

அவர் எங்கள் தோட்டத்தின் மருத்துவச்சி. நோர்வூட்டிலிருந்து மேலே போகும் பாதையில் பிரிந்து ஏறினால் எங்கள் தோட்டம். டிஸ்பென்சரிக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு சின்ன வீடு இருந்தது. கணவர் இளமையிலேயே இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. பிரசவ அறையில் அவருக்குப் பயம் என்பதே கிடையாது என்று லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் எல்லோரும் சொல்வார்கள். பிள்ளை குறுக்கே கிடந்தாலும், கொடி கழுத்தைச் சுற்றிக்கொண்டாலும், தாய் மயங்கிப் போனாலும் அவர் குரல் ஒரு படி உயராதாம். ஆனால் அந்த அறையை விட்டு வெளியே வந்தால் அவர் வேறு ஆள். ஆபீஸில் இருக்கும் பெரிய கிளாக்கருடைய சப்பாத்துச் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவார். தோட்டத்தை நடத்தும் தொரையின் நாய் தூரத்தில் தெரிந்தால் செடிக்குள் இறங்கி நிற்பார். தபாலில் நீளமான உறை ஏதாவது வந்தால் அதைப் பிரிக்காமல் அரை நாள் மேசையில் வைத்திருப்பார். இதை அவரே சொல்லிச் சிரிப்பதும் உண்டு. "உள்ள இருக்கறவங்க வலியில கத்துறாங்க. அது எனக்குப் புரியும். வெளிய இருக்கறவங்க ஒண்ணுமில்லாததுக்குக் கத்துறாங்க. அதுதான் என்னால தாங்க முடியல."

பயம் என்பது அந்த நாட்களில் அவருக்கு மட்டும் உரியது அல்ல. அறுபதுகளின் தொடக்கம் அது. வெள்ளைக்காரத் தொரை போய், இந்த நாட்டுக்காரர் ஒருவர் புதிதாகத் தொரையாக வந்திருந்தார். அவர் எப்படிப்பட்டவர் என்று யாருக்கும் தெரியாது. பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டவர்கள் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். எழுத்து ஒன்று மாறினாலும் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேசிக்கொள்வார்கள். ஆபீஸுக்கு ஒரு கடதாசி போனால் அது எந்த வழியாக எப்படித் திரும்பி வந்து எந்தக் குடும்பத்தின் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. வேலையை விட்டு நீக்கும் பத்துச்சீட்டைக் கொடுத்துவிட்டால் வேலையும் இல்லை, குடியிருக்கும் காம்பராவும் இல்லை. அதனால் எங்கள் லயத்தில் ஆபீஸுக்குப் போகாமல் வாழ்ந்து முடிப்பதே ஒரு கெட்டிக்காரத்தனமாக இருந்தது.

நான் நோர்வூட் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். அந்த வருடம் அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். அடுத்த மாதமே பேர் பதிந்து கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டேன். அதைப் பற்றி எனக்கு அப்போது பெரிய துக்கம் இருந்ததாக நினைவில்லை. மலையில் யாரும் என்னைக் கேள்வி கேட்பதில்லை என்பதே ஒரு ஆறுதலாக இருந்தது. ஆனால் கீழ் டிவிஷன் கங்காணியின் மகள் என்னுடன் படித்தவள். அவள் வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அட்டனில் படித்த அண்ணனுடைய புத்தகங்கள் அவள் வீட்டில் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அவற்றைத் தூக்கிக்கொண்டு வருவாள். அவளுக்குப் படிப்பைவிட வீட்டை விட்டு வெளியே வருவது பிடிக்கும். எனக்கு வெளியே போவதைவிடப் படிப்புப் பிடிக்கும். இருவரும் டிஸ்பென்சரி விறாந்தையில் உட்கார்ந்து படிப்போம், அங்கே மழை அடிக்காது.

அங்கேதான் ஒருநாள் மருத்துவச்சியம்மா எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இத்தனையும் படிச்சு என்னாங்கடி செய்யப் போறீங்க?" என்றார். கங்காணி மகள், "உங்களுக்குப் பயமில்லாமக் காயிதம் எழுதிக் குடுப்போம்" என்றாள். அவர் சிரித்துவிட்டார். பிறகு, பள்ளிக்கூடத்துக்குப் போகாதவர்களும் எஸ்.எஸ்.சி. பரீட்சையைத் தனியாக எழுதலாம் என்றும், கண்டியில் இருக்கும் தன் தங்கை மகன் அப்படித்தான் எழுதினான் என்றும் சொன்னார். சொன்ன கையோடு அவர் முகம் மாறியது. ஏன் சொன்னோம் என்று அவருக்கே பயமாகிவிட்டது போலும். "யாருக்கிட்டயும் சொல்லிறாதீங்க, நான் சொன்னேன்னு" என்று உள்ளே போய்விட்டார். ஆனால் அடுத்து அட்டனுக்குப் போனபோது விண்ணப்பப் படிவங்களைத் தேடி வாங்கி, சேலை மடிப்புக்குள் வைத்து, கள்ளச் சரக்கைக் கொண்டு வருவது போலக் கொண்டுவந்து சேர்த்தார்.

படிவத்தில் எடுத்த எடுப்பிலேயே எழுத அவருக்குத் துணிவில்லை. கடையில் சீனி சுற்றிக்கொடுத்த பேப்பரை நீவி, அதில் முதலில் எழுதிப் பார்க்கச் சொன்னார். நாங்கள் எழுதினோம், அவர் பார்த்தார், மறுபடி எழுதினோம். கங்காணி மகளுக்குப் பொறுமை போய்விட்டது. "அம்மா, பிள்ளை பெத்துக்கறதே இதைவிட லேசு போலருக்கு" என்றாள்.

"ஆமாடி. பிள்ளை வயித்துல தப்பாத் திரும்பிக் கிடந்தா நான் திருப்பி விட்டுருவேன். இதுல மை கொட்டுனா யாரு திருப்புறது?"

படிவத்தோடு பிறப்புச் சாட்சிப்பத்திரமும் வைத்து அனுப்ப வேண்டும். பெயரும் வயதும் அதில் உள்ளபடியே இருக்க வேண்டும். மருத்துவச்சியம்மாவே நுவரெலியாவில் இருக்கும் அரசாங்கக் கச்சேரிக்கு எழுதிப் போட்டார். எங்கள் இருவரையும் அவர்தான் 'பிடித்தவர்'. பிரசவம் பார்ப்பதை எங்கள் ஊரில் பிள்ளை பிடிப்பது என்பார்கள். "நான் பிடிச்ச பிள்ளைங்க, எழுத்துல இல்லாமப் போகுமா" என்று அவர் சொன்னபோது அவர் முகத்தில் நான் பார்த்திராத ஒரு தெளிவு இருந்தது. அது அதிக நாள் நீடிக்கவில்லை.

பத்திரங்கள் வந்தபோது வழக்கம்போல அந்த உறை அரை நாள் மேசையில் கிடந்தது. நான் மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் போன பிறகுதான் பிரித்தார். கங்காணி மகளுடையது சரியாக இருந்தது. என்னுடையதில் பிறந்த தேதி இருந்தது, தோட்டத்தின் பெயர் இருந்தது, அப்பா பெயரும் அம்மா பெயரும் இருந்தன, பெண் என்று இருந்தது. பிள்ளையின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். மைக்கோடு, நேராக, அழகாக. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மருத்துவச்சியம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

இது எப்படி ஆகும் என்று வெளியில் உள்ளவர்களுக்கு விளங்காது, சொல்ல வேண்டும். தோட்டத்தில் பிள்ளை பிறந்தால், மருத்துவச்சி கொடுக்கும் ரிப்போட்டை வைத்து, சில நாட்களுக்குள் ஆபீஸிலிருந்து பதிவாளருக்கு அறிவித்தல் போய்விடும். ஆனால் எங்கள் ஆட்கள் முப்பதாம் நாள்தான் பேர் வைப்பார்கள். அதற்கு முன் ஆபீஸ் கேட்டால் தகப்பன்மார் வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லிவிடுவார்கள், அல்லது வைக்கப்போகும் பெயரையே சொல்லிவிடுவார்கள். என் விஷயத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்கு முன்னால் என் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, பேர் வைத்த கொஞ்ச காலத்திலேயே இரண்டும் தவறிவிட்டன. பேர் சொன்னதால்தான் எமனுக்கு வழி தெரிந்தது என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். மூன்றாவதாக நான் பிறந்ததும் என்னைக் குப்பைமேட்டில் ஒரு தரம் போட்டு எடுத்து, குப்பாயி என்று கூப்பிட்டார்கள். நடக்கத் தொடங்கிய பிறகு, மொட்டையடித்த அன்று, அப்பா என் காதில் மட்டும் ஒரு பெயரைச் சொன்னாராம். பள்ளிக்கூடத்தில் அப்பா கொடுத்தது அந்தப் பெயர்தான். அம்மா கடைசி வரை என்னைக் குப்பாயி என்றோ, ஏ புள்ள என்றோதான் கூப்பிட்டாள்.

அந்தக் கோட்டின் மேல் பெயர் ஏற வேண்டுமானால், பெற்றவர் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து ஒரு வாக்குமூலம் தர வேண்டும். அந்தத் தேதியில் பிறந்த பிள்ளை இவள்தான் என்று தோட்டத்துத் தொரை உறுதி எழுதித் தர வேண்டும். இதை விசாரிக்கவே மருத்துவச்சியம்மா முதல் தடவை ஆபீஸ் படி ஏறினார். நான் கீழே நின்றேன். மேலே பெரிய கிளாக்கரின் குரல் மட்டும் கேட்டது. அவர் கத்தவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "என்ன மிஸ்ஸி, ஊருல எல்லாரும் பேரோட வந்து வேலை கேக்கிறாங்க. இந்தம்மா பேரே இல்லாம பரீட்சை கேக்குதா?" என்றார். உள்ளே இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். "பெயர் கேட்டு ரிப்போட் அனுப்ப வேண்டியது யாருடைய வேலை? தொரை அதைக் கேட்டா நான் யாரைக் காட்டுறது? நல்லா யோசிச்சுக்குங்க. விண்ணப்ப முடிவு நாள் போயிட்டா எல்லாருக்கும் நிம்மதி."

இறங்கி வந்தபோது அவர் உதடு வெளுத்திருந்தது. அவர் வேலைக்கே உலை வைக்கும் பேச்சு அது என்று எனக்கும் விளங்கியது. நான் சொன்னேன், நிஜமாகவே சொன்னேன், "விட்டுருவோம்மா. எனக்குப் பரீட்சை வேணாம்." அவர் என்னை முறைத்துப் பார்த்தார். "எனக்கும் விட்டுறலாம்னுதான் இருக்கு" என்றார். பிறகு டிஸ்பென்சரி வரை நடந்தோம். வாசலில், "உங்கம்மாகிட்ட மொதல்ல கேப்போம். அவங்க மாட்டேன்னுட்டா நம்ம மேல பழியில்ல" என்றார். அம்மா மறுத்துவிட வேண்டும் என்று அவர் உள்ளூர வேண்டிக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். நானும் வேண்டிக்கொண்டேன். அதே நேரம் மறுத்துவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன்.

பிரசவத்துக்கு அல்லாமல் மருத்துவச்சியம்மா லயத்துக்கு வந்தது அன்றுதான். பக்கத்துக் காம்பராக்காரர்கள் எட்டிப் பார்த்து, "யாருக்கு நோவு?" என்று கேட்டார்கள். அம்மா அடுப்படியில் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் பிசைவது நின்றது.

"வேணாங்கம்மா. சும்மா கெடக்குற சங்க ஊதிக் கெடுக்காதீங்க."

"படிச்ச புள்ள. ஒரு கைநாட்டுத்தான்."

"எழுத்துல ஏறுனா எண்ணிக்கையில ஏறும். எண்ணிக்கையில ஏறுனா எடுக்க வருவான். ரெண்ட குடுத்தாச்சு. போதும்."

"பதினெட்டு வயசாச்சே. இன்னுமா அவன் தேடிக்கிட்டு இருக்கான்?"

"அவனுக்கு என்னாங்கம்மா, பென்சனா குடுத்துட்டாங்க?" என்றாள் அம்மா. பக்கத்துக் காம்பராவிலிருந்து யாரோ சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. மருத்துவச்சியம்மாவும் சிரிக்கவில்லை. அடுப்புப் புகையைப் பார்த்தபடியே அவர், "இவ அப்பாவ அவன் எடுத்துட்டுப் போனானே, பேரச் சொல்லிக் கூப்பிட்டா போனான்? நீ அவரை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லையே" என்றார். சொன்னபிறகு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். சட்டென்று எழுந்து குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா திரும்பவும் மாவைப் பிசையத் தொடங்கினாள். ரொட்டி அன்று கல்லாக இருந்தது. இரண்டு பேரும் அதையே தின்றோம்.

மறுநாள் காலை, ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டில் அம்மா நிற்கும் இடம் காலியாக இருந்தது. தேடிக்கொண்டு போனால் டிஸ்பென்சரியின் பின்வாசலில், கூடையை முதுகில் மாட்டியபடியே, மருத்துவச்சியம்மாவின் முன்னால் நிற்கிறாள். "அந்தக் கைநாட்ட எங்க வைக்கணும்னு சொல்லுங்க, வச்சிட்டு மலைக்குப் போறேன்" என்கிறாள். மருத்துவச்சியம்மா அவளைவிடப் பயந்துபோய் நிற்கிறார். தப்பிப்பதற்கு இருந்த கடைசிக் கதவும் சாத்தியாகிவிட்டதே. அப்படித்தான் நாங்கள் மூன்று பேரும் அந்தப் படிகளுக்குக் கீழே போய் நின்றோம். கராம்பை வாயில் போட்டுக்கொண்டு, "பின்னாலயே வாங்க. நான் நின்னுட்டேன்னா முதுகுல ஒரு தள்ளுத் தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு அவர் முதல் படியில் காலை வைத்தார்.

தொரையை அவ்வளவு பக்கத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மேசையில் தொப்பியும் பிரம்பும் இருந்தன. நாய் மேசைக்கடியில் படுத்திருந்தது. மருத்துவச்சியம்மா நாய் இருக்கும் பக்கம் பார்க்காமல் சுவரையே பார்த்தார். பெரிய கிளாக்கர் பத்திரத்தை எடுத்து வைத்து, இங்கிலீசில் ஏதோ சொன்னார். நடுவில் 'மிஸ்ஸி' என்ற சொல் இரண்டு மூன்று தரம் வந்தது. தொரை அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தோட்டத் தமிழில் கேட்டார்.

"இந்தப் புள்ள நீ பிடிச்சதா?"

"ஆமாங்க தொரை."

"எத்தனை புள்ள பிடிக்கிறது நீ? மாசம் மாசம். இது பதினெட்டு வருசம். இந்தப் புள்ளதான் அந்தப் புள்ள, எப்படித் தெரியும்? நல்லா ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள், பெரிய கிளாக்கர் உட்பட. மருத்துவச்சியம்மாவின் தாடை அசைவது நின்றது. அவருடைய பின்கழுத்தில் வேர்வை வழிவதை நான் பார்த்தேன், அந்தக் குளிரில்.

"இல்லீங்க தொரை" என்றார். "புள்ளைய ஞாபகம் இல்லீங்க."

பெரிய கிளாக்கர் பேனையை மூடினார். இதற்காகவா இவ்வளவு தூரம் ஏறி வந்தோம் என்று கோபம்கூட வந்தது. அவருக்குப் பயத்தில் புத்தி கலங்கிவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் அவர் நிறுத்தவில்லை. குரல் நடுங்கியது, தாழ்ந்தது, ஆனால் வந்துகொண்டே இருந்தது.

"பொறந்த புள்ளைங்க எல்லாம் ஒண்ணு போலத்தாங்க இருக்கும், செவப்பா, சுருங்கிப்போயி. எதுன்னு ஞாபகம் வச்சுக்கறது? ஆனா இந்த அம்மாவ ஞாபகம் இருக்குங்க. ஆபீஸுக்கு அனுப்பணுமே, என்ன பேர் வைக்கப் போறன்னு கேட்டேன். படுத்திருந்தவங்க எந்திரிச்சு, ரத்தம் காயாத கையால என் வாயப் பொத்திட்டாங்க. மூச்சு முட்டுற மாதிரி. விடவே இல்லீங்க. அதுக்கப்புறம் எனக்குக் கேக்கப் பயமாப் போச்சு. திரும்பி ரிப்போட் அனுப்பாதது என் தப்புத்தாங்க. ஆனா இத்தனை வருசத்துல என் வாயப் பொத்துனது இவங்க ஒருத்தங்கதான். அந்தப் புள்ளதான் இந்தப் புள்ள."

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தன் வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டிருந்தாள், அதில் இன்னும் ஏதோ ஒட்டியிருப்பது போல. இந்தக் கதையை எனக்கு யாருமே சொன்னதில்லை.

"ஏன் பொத்தினது?" என்று தொரை அம்மாவைக் கேட்டார்.

"கேட்டுருமேன்னுங்க" என்றாள் அம்மா.

"யாருக்கு?"

அம்மா தரையைப் பார்த்தாள். பெரிய கிளாக்கர் குனிந்து தொரையின் காதருகில் ஏதோ சொன்னார், சொல்லிவிட்டுச் சிரித்தார். தொரை சிரிக்கவில்லை. அவர் அம்மாவைப் பார்த்தார். அவருடைய மனசில் அப்போது என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் பிள்ளைகள் இருந்திருக்கலாம், இல்லாமல் போயிருக்கலாம். பேனையை எடுத்தார். "பேர் என்னா?" என்று கேட்டார். மருத்துவச்சியம்மா வாயைத் திறந்தார். "நீ இல்லை. அம்மா சொல்லட்டும்" என்றார் தொரை.

அம்மா முந்தானைக்குள் இருந்த கையை வெளியே எடுத்தாள். நாய்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு, பள்ளத்தில் குதிப்பவள் போல, என் பெயரைச் சொன்னாள். அவள் வாயிலிருந்து அந்தப் பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சொன்னதும் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்து, படியிறங்கி, மலைக்குப் போகும் பாதை பிரியும் இடம் வரை விடவில்லை. அன்று முழுவதும், அதற்குப் பிறகு பல நாளும், நான் செடிக்குள் இருந்து தும்மினால்கூட அடுத்த நிரையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பாள்.

தொரையின் கடிதத்தையும் கைநாட்டு வைத்த வாக்குமூலத்தையும் சேர்த்து, திருத்திய பத்திரம் பின்னால் வரும் என்று எழுதி, முடிவு நாள் வருவதற்குள் நோர்வூட் தபால் கந்தோரில் பதிவுத் தபாலில் போட்டோம். எதிரே பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் உறையை ஒட்டப் பசை கேட்டபோது, மருத்துவச்சியம்மா தடவிய தடவலைப் பார்த்து அவர், "உம்மா, காயிதம் போகணுமா, கல்லறைக்குள்ள இருக்கணுமா?" என்றார். அவ்வளவு பசை. அன்று மருத்துவச்சியம்மா சிரித்ததைப் போல நான் பிறகு பார்த்ததில்லை. ஏனென்றால் அந்த வாரமே அவருக்கு ஆபீஸிலிருந்து நீளமான உறை வந்தது. பதினெட்டு வருடத்துக்கு முந்திய தவறுக்கு எச்சரிக்கைக் கடிதம். தொரை ஒரு கையால் எனக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறு கையால் அதற்கும் போட்டிருந்தார். மருத்துவச்சியம்மா அதை வாசித்துவிட்டு, "பாத்தியா, நான் வீணாப் பயப்படல" என்று மட்டும் சொன்னார்.

பரீட்சை அட்டனில் நடந்தது. கங்காணி மகள் எல்லாப் பாடத்திலும் தேறி, பிறகு கொட்டகலைப் பக்கம் ஆசிரியையானாள். நான் கணக்கிலும் இங்கிலீசிலும் விழுந்து, மற்றவற்றில் தேறினேன். திரும்பி எழுதவில்லை. ஆனால் அந்தத் தேர்ச்சியை வைத்துத்தான் தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் பொறுப்பாளராகச் சேர்ந்தேன், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தேன். இதை எழுதுகிற அளவுக்கான தமிழும் அந்தப் படிப்பில் வந்ததுதான்.

அடுத்த வருடமும் மருத்துவச்சியம்மா வேறு பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்பினார், அதற்கடுத்த வருடமும். ஒரு தடவை துணிந்துவிட்டால் பிறகு பயம் போய்விடும் என்று சொல்வார்கள். அவருக்குப் போகவில்லை. அதே படிக்குக் கீழே அதே போல நிற்பார், அதே போல வெளுத்துப்போவார். தைரியசாலிகளை நான் பிற்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன், மேடைகளிலும் பார்த்திருக்கிறேன். அவர்கள் செய்ததெல்லாம் அவர்களுக்கு எளிதாக இருந்தது போலத் தோன்றும். இவருக்கு ஒன்றுமே எளிதாக இருந்ததில்லை. நான் கூச்ச சுபாவக்காரி. என்னைப் போன்றவர்களால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் நேரங்களில் அவருடைய முதுகுதான் ஞாபகம் வரும்.

ஓய்வு பெற்றதும் அவர் கண்டிக்குத் தங்கை வீட்டுக்குப் போனார். பிறகு தகவல் இல்லை. சில வருடங்களுக்கு முன், ஒரு வேலையாக நான் அட்டனுக்குப் போயிருந்தேன். அரசாங்கக் கந்தோர் ஒன்றின் வாசலில், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு வயதான அம்மா நின்றார். தங்கை இறந்துவிட, உறவுக்காரர் வீட்டுக்கு இந்தப் பக்கம் வந்திருக்கிறார். அடையாள அட்டைக்கு எழுதிப்போட வந்தவர் உள்ளே போகாமல் நின்றுகொண்டிருந்தார். நான் கிட்டப் போய், "அம்மா, என்னைத் தெரியுதுங்களா?" என்றேன். முகத்தை நிமிர்த்தி வெகுநேரம் பார்த்தார். "எந்த வயித்துப் புள்ள நீ?" என்று கேட்டார். அம்மாவைச் சொன்னேன், லயத்தைச் சொன்னேன், பரீட்சையைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், ஆனால் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று தெரிந்தது. கண் என்னவோ கதவுக்குள்ளேயே இருந்தது.

"நீ படிச்ச புள்ளையா?" என்றார்.

"கொஞ்சம் படிச்சேங்கம்மா."

"அப்ப கூட வாறியா? உள்ள ஒரு ஐயா இருக்காரு. எனக்குப் பயமா இருக்கு."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அந்த மாதிரி மேசைகளின் முன்னால் நான் ஒருபோதும் தனியாகப் பேசியவள் அல்ல. அவருடைய கை என் கையைப் பற்றியிருந்தது. எத்தனையோ பிள்ளைகளை வெளியே எடுத்த அந்தக் கை பஞ்சு போல லேசாக இருந்தது. உள்ளே போனோம். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞன் தலையைத் தூக்காமல் படிவத்தை இழுத்து, "யாருக்கு?" என்றான். "இந்த அம்மாவுக்கு" என்றேன். அவ்வளவு வரை சரியாகச் சொல்லிவிட்டேன்.

"பேர்?"

நான் வாயைத் திறந்தேன். சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. பிறந்த நாள் முதல் எனக்குத் தெரிந்தவர், என் பெயருக்காகத் தொரை முன்னால் நின்றவர். தோட்டம் முழுவதும் அவரை மருத்துவச்சியம்மா என்றது, ஆபீஸ் மிஸ்ஸி என்றது. அவருக்கு வேறு ஒரு பெயர் இருக்கும் என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. இளைஞன் இப்போது தலையைத் தூக்கி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் குனிந்து, "அம்மா, உங்க பேர் என்னாங்க?" என்று கேட்டேன்.

அவர் வெட்கப்பட்டார். பிறகு என் காதில் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"சத்தமாச் சொல்லுங்க" என்றான் இளைஞன்.

நிமிர்ந்து நின்று, என்னால் முடிந்த அளவு சத்தமாக, அந்த அறையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி நான் அதைச் சொன்னேன்.